ஊசி நிலைக்கவில்லை

சர்வே எண் முந்நூற்றுப் பதினேழு, உட்பிரிவு இரண்டு.
உலையனஅள்ளி கிராமம், அரூர் வட்டம்.
அடங்கலில் உலைமேடு, அரசு புறம்போக்கு,
தீர்வை ஏற்படாத தரிசு.
பழைய புலப்படத்தின் ஓரத்தில்
எனக்கு முன்னால் வந்த யாரோ ஓர் அளவர்
பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார்:
ஊசி நிலைக்கவில்லை.

என்னுடையது செயற்கைக்கோள் பார்க்கும் கருவி.
வடக்கைப் பற்றி அதற்குக் கவலையில்லை.
இருந்தாலும் ஓர் ஆசைக்குப்
போனில் திசைகாட்டியைத் திறந்தேன்.
முள் முதலில் தீர்த்தமலையைக் காட்டியது,
பிறகு சங்கிலிக்காரர் பச்சியப்பனைக் காட்டியது,
பிறகு சுற்றிக்கொண்டே இருந்தது.

கால் வைத்த இடமெல்லாம் கிட்டம்.
ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் தேனடை,
கொதிக்கும்போதே உறைந்துபோன கருங்கூழ்.
பச்சியப்பனுக்குச் செருப்பு அறுந்தது.
"கம்பெனிக்காரன் போயி நூத்தம்பது வருசமாச்சு,
இன்னும் கடிக்குது பாருங்க மேடம்."

புகைபோக்கியில் பாதி நிற்கிறது.
மீதிப் பாதி சாக்கப்பனின் மாந்தோப்பில்
மோட்டார் கொட்டகையாக இருக்கிறது.
செங்கல்லில் மூன்றெழுத்து முத்திரை,
நடு எழுத்தின்மேல் சுவிட்சுப் பெட்டியை அறைந்திருக்கிறார்கள்.
துருத்தி வீட்டுக்குச் சுவர் இல்லை.
காளைகள் சுற்றிச் சுற்றி மிதித்த வட்டத்தில் மட்டும்
புல் இன்றைக்கும் குட்டை.

உலைவாய்க்குள் ஒரு வெக்காலி,
கைத்தடிப் பருமன்.
அதன் இலை மறைத்ததில்
கருவிக்கு நான்கு செயற்கைக்கோள் குறைந்துவிட்டது.
பச்சியப்பன் அரிவாளை எடுத்தார்.
இருக்கட்டும், நான் தள்ளி நின்றுகொள்கிறேன் என்றேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கரிக்கணக்கைச் சொல்லியிருப்பேன்.

வட்ட அலுவலகப் பதிவறையில்
கறையான் விட்டுவைத்த பதினோரு தாள்.
முதலாண்டுக் கரி இரண்டு மைலிலிருந்து வந்திருக்கிறது.
மூன்றாமாண்டு ஒன்பது மைல்.
ஏழாமாண்டு பதினெட்டு, வண்டிக்கூலி இரட்டிப்பு.
எட்டாமாண்டுத் தலைப்பு மட்டும் இருக்கிறது,
நல்ல கையெழுத்து, கீழே கோடு போட்டு,
அதற்கும் கீழே ஒன்றுமில்லை.

மலை மொட்டையானது சாமி கோபத்தில் என்று
ஊரில் சொல்கிறார்கள்.
தாது தீரவே இல்லை. மழை பெய்தால்
ஓடை இன்றைக்கும் கறுப்பாகத்தான் இறங்குகிறது.
தீர்ந்தது நிழல்.

இன்னொன்றும் அந்தத் தாளில்:
கெஞ்சன் பெண்சாதி சென்னி,
இரண்டு கூடை குறைவு,
பிடித்தம் ஓர் அணா.
துரையின் பெயர் எல்லாத் தாளிலும் வருகிறது,
சுழித்துச் சுழித்து.
சென்னி வருவது அந்த ஓரணாவில் மட்டும்.
மூட்டம் சரியாக வேகவில்லையோ,
வழியில் கூடை கிழிந்ததோ,
மாசமாக இருந்தாளோ.

ஓசூர்க்காரர் ஒருவர் குத்தகை கேட்டிருக்கிறார்.
நாலுவழிச் சாலைக்கு அடியில் கொட்ட
இதைவிட நல்ல ஜல்லி கிடையாதாம்.
நான் வந்தது குவியலை அளக்கத்தான்.
நாலாயிரத்து முந்நூறு கன மீட்டர்.
மூன்று தரம் கூட்டினேன், அதேதான் வந்தது.

குறிப்பு என்ற கட்டத்தில்
நாற்பது எழுத்துக்கு மேல் ஏறாது.
புராதனம் என்று போட்டால்
எந்தத் துறை என்று கேட்டுக் கோப்பு திரும்பும்.
பென்சில்காரர் எழுதியதையே
எழுத்து மாறாமல் தட்டி அனுப்பினேன்.
அதிகாரி நாளைக்குக் கூப்பிடுவார்.

ராத்திரி பார்த்தால்
கைப்பையின் காந்தப் பூட்டில்
கருமணல் மயிர்போலச் சிலிர்த்து நிற்கிறது.
துணியால் துடைத்தேன். ஊதினேன்.
சப்பாத்தி மாவை வைத்து ஒற்றி எடுத்தேன்,
மாவுதான் வீணாயிற்று.

காலையில் பேருந்தில் சில்லறை எடுத்துக் கொடுத்தபோது
கண்டக்டர் விரலிலும் கொஞ்சம் ஒட்டியது.
அவர் அதைக் காக்கியில் தேய்த்துக்கொண்டு
அடுத்த ஆளிடம் போனார்.